மலைப் பாதையில் பழைய எஞ்சின்

இலக்கியமும் சமுதாயமும் பேசும் பக்கங்களில் பழைய ஆட்டோ எஞ்சினுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். கண்டியைச் சூழவுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றின் வாசலில் காலை ஏழரை மணிக்கு நின்று பார்ப்பவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் மூன்று சக்கர வண்டிகளில் எத்தனை வயோதிகமானவை, எத்தனை புகை கக்குகின்றன, எத்தனை மேட்டில் மூச்சுத் திணறுகின்றன என்பதை நாம் நாள்தோறும் கண்டு வருகிறோம். நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை லயத்திலிருந்து பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும் அதே வண்டிதான். மரக்கறி மூட்டையைச் சந்தைக்கு ஏற்றி வருவதும் அதுவே. ஓர் எஞ்சினை நம்பலாமா கூடாதா என்பது இங்கே ஒரு குடும்பத்தின் சோற்றுப் பிரச்சினை.

கண்டி நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் ஒன்றின் அடியில் கிடக்கிறது. நகரை விட்டு எத்திசையில் புறப்பட்டாலும் ஏற்றமோ இறக்கமோ இல்லாமல் ஒரு மைல் போக முடியாது. ஹந்தானை மலைத்தொடர் 1,000 மீற்றருக்கு மேல் எழுந்து நிற்கிறது. பேராதனையிலிருந்து கலஹாவுக்குப் போகும் பாதையும், அதற்கப்பால் தெல்தோட்டைப் பக்கம் வளைந்து செல்லும் பாதையும் கொண்டை ஊசி வளைவுகளால் ஆனவை. அந்தப் பக்கத்து லூல்கந்துரையில்தான் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867இல் வியாபார நோக்கில் முதன்முதலாகத் தேயிலை பயிரிட்டார். அதே 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலும் வந்து சேர்ந்தது. கோப்பி மூட்டைகளை விரைவாகத் துறைமுகத்துக்கு இறக்க வேண்டுமென்பதே அந்த ரயிலின் தலையாய நோக்கம். தோட்டப் பாதைகளின் கதையும் இதுதான். கோப்பியும் கொழுந்தும் இறங்குவதற்காக வெட்டப்பட்ட பாதைகள் அவை. மனிதர் ஏறி இறங்குவதைப் பற்றி அவற்றை வெட்டியவர்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இன்றும் பஸ் வண்டி பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது. மேற்பிரிவு லயங்களுக்கு நடை, அல்லது ஆட்டோ.

1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் இந்நாட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிய எத்தனையோ பொருள்களுள், ஏழையின் கைக்கு உண்மையிலேயே எட்டியவை மிகச் சில. இந்திய நாட்டு பஜாஜ் முச்சக்கர வண்டி அவற்றுள் ஒன்று. இன்று நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கு மேல். தொடக்கத்தில் வந்தவற்றில் இருந்தவை 150 சி.சி.க்குச் சற்றுக் குறைந்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். அளவில் சிறியவை, விலையில் மலிவானவை, கழற்றிப் பூட்ட எளியவை.

டூ ஸ்ட்ரோக் என்பதன் பொருளை மாணவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சாதாரண ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கினால், அதாவது கிராங் இரண்டு சுற்றுச் சுற்றினால், ஒரு முறை வெடிப்பு நிகழும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஆகவே அளவுக்கு மிஞ்சிய வலிமை. ஆனால் வலிமைக்கு விலையுண்டு. எரிந்த புகை வெளியேறும் அதே கணத்தில் புதிய பெற்றோல் கலவை உள்ளே புகுவதால், அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுகிறது. 15 முதல் 40 சதவீதம் வரை இவ்வாறு வீணாகலாம் என்று கணித்திருக்கிறார்கள். அன்றியும், கிராங் இருக்கும் பெட்டியினூடாகவே கலவை செல்வதால் அங்கே ஒயில் தேக்கி வைக்க இயலாது. பெற்றோலில் ஒயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். அந்த ஒயிலும் சேர்ந்து எரிகிறது. நீலப் புகையின் இரகசியம் இவ்வளவுதான்.

இந்த எஞ்சின் பிறந்த வரலாற்றில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. ஸ்கொத்லாந்துக்காரரான டுகால்ட் கிளார்க் 1881இல் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர், 1890களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஜோசப் டே என்பவர் கிராங் பெட்டியையே காற்றழுத்தும் பம்பாகப் பயன்படுத்தும் எளிய முறையைக் கண்டார். அதை மேலும் எளிமையாக்கி, வால்வே தேவையில்லாமல் பிஸ்டனின் அசைவினாலேயே வாயில்கள் மூன்றும் திறந்து மூடும்படி செய்தவர் பிரடெரிக் கொக். அவர் டேயின் பட்டறையில் வேலை செய்த தொழிலாளி. புத்தகங்கள் பெரும்பாலும் முதலாளியின் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன. நம் தோட்டப் பாதைகளில் ஓடும் ஆட்டோ வரைக்கும் வந்திருப்பது அந்தத் தொழிலாளியின் கைவண்ணமே.

இனி நம் கதைக்கு வருவோம். நம்மிடம் சாதாரண தரம் வரை படித்த மாணவர் ஒருவர், கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர், கொழும்பில் புடைவைக் கடையில் ஆறு ஆண்டுகள் நின்றுவிட்டு 2020இல் கொரோனாவோடு ஊருக்குத் திரும்பினார். மறு ஆண்டு தாயார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கூடை சுமந்த முதுகுக்குக் கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை மகன் கையில் கொடுத்து, "ஒரு வண்டிய எடுத்துக்க" என்றார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆக வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் ஏறியது என்பதை நினைவிற் கொண்டால் அந்தப் பணத்தின் கனம் விளங்கும்.

அது கெட்ட வேளை. அந்நியச் செலாவணி இல்லையென்று 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. புதிய வண்டி இல்லை. ஆகவே பழைய வண்டியின் விலை மாதத்துக்கு மாதம் ஏறியது. ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி எதுவும் அவர் கைக்கு எட்டவில்லை. லீசிங் எடுக்கலாம் என்று ஒரு கம்பனியின் ஆள் வீடு தேடி வந்தார். தவணை தவறினால் நடுவீதியில் வண்டியைப் பறித்துக்கொண்டு போகும் காட்சியை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். அந்த யோசனையைக் கைவிடச் சொன்னோம். மிஞ்சியது டூ ஸ்ட்ரோக். 2008ஆம் ஆண்டு முதல் டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதிக்குத் தடை இருப்பதால், அவற்றில் மிக இளையதும் அப்போதே பன்னிரண்டு பதின்மூன்று வயது தாண்டியது. அப்படிப்பட்ட ஒன்றை வாங்குவது உசிதமா? "சேர், நீங்களும் வாங்க. நாலு பேர் பார்த்தா நல்லது" என்று அவர் அழைத்தார். நாம் விஞ்ஞானம் படிப்பிப்பவர்கள். எஞ்சினைப் புத்தகத்தில் அறிந்தவர்கள். ஆகவே கட்டுகஸ்தோட்டைப் பக்கத்தில் நாற்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போனோம். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா.

அன்று அவர் வண்டியைப் பார்த்த விதத்தை இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். பழைய டூ ஸ்ட்ரோக் வாங்க நினைக்கும் எவருக்கும் அது பயன்படும். விஞ்ஞான ஆசிரியர்களாகிய நமக்கும் அது நல்ல பாடமாக அமைந்தது.

முதலில் அவர் எஞ்சின் மீது கைவைத்துப் பார்த்தார். சுட்டது. "காலையிலேயே ஓட்டிச் சூடாக்கி வைச்சிருக்காங்க. ஆறட்டும் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம்" என்றார். சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து, ஆறிய எஞ்சினின் ஸ்டார்ட்டர் பிடியைக் கையால் மெல்ல மேலே இழுத்தார். தேய்ந்த பிஸ்டன் ரிங்கானால் பிடி எதிர்ப்பின்றி வந்துவிடும். நல்லதானால் ஓரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தடுக்கும். இது ஓரளவு தடுத்தது. அதன் பின்னர் கிளப்பினார். முதற் புகை எப்படியும் தடிப்பாகத்தான் வரும். ஐந்து நிமிடத்தில் அது மெலிய வேண்டும் என்றார். மெலியாமல் வெள்ளையாகவே வந்து, கியர் ஒயிலின் காறல் மணம் வீசுமானால், கிளச் பக்கத்துக் கிராங் சீல் கிழிந்து, கியர் பெட்டியிலுள்ள ஒயிலை எஞ்சின் உறிஞ்சிக் குடிக்கிறது என்று பொருள். மறுபக்கத்து, அதாவது மெக்னெட் பக்கத்துச் சீல் போனால் நிலைமை இதைவிட மோசம். அங்கே ஒயில் இல்லை, காற்று புகும். காற்று கூடினால் பெற்றோலின் பங்கு குறையும். அதோடு சேர்ந்து ஒயிலும் குறையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி ஒரு நாள் மேட்டிலே பிஸ்டன் இறுகிவிடும். அதை எப்படி அறிவது? அக்ஸிலேட்டரை முறுக்கி விட்டவுடன் எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்க வேண்டும். இறங்காமல் உச்சியிலேயே நின்று தயங்கி இறங்கினால் சந்தேகப்படலாம்.

பிளக்கைக் கழற்றினார். நுனி தேயிலைச் சாய நிறத்திலிருந்தால் சுகம். கரி படிந்து ஈரமாக இருந்தால் ஒயில் அதிகம். சாம்பல் வெளுப்பாக இருந்தால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கிறது. பிறகு சிலிண்டரைச் சுற்றியுள்ள தகரக் கூடு இருக்கிறதா என்று பார்த்தார். இந்த எஞ்சினுக்கு முன்னாலிருந்து காற்று வீசாது. வண்டியின் பின்புறம் ஒளிந்து கிடக்கும் அதற்கு விசிறிதான் உயிர். விசிறிக் காற்றைச் சிலிண்டர் மீது திருப்பிவிடுவது அந்தத் தகரக் கூடு. அவசரத்தில் கழற்றிய மெக்கானிக்மார் பலர் அதைத் திரும்பப் பூட்டுவதில்லை. இந்த வண்டியிலும் பாதிதான் இருந்தது. மீதியைத் தாமே தகரம் வெட்டிச் செய்துவிடலாம் என்றார். சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களில் மண்ணும் ஒயிலும் அப்பிக் கிடந்தன. அதுவும் ஒரு கம்பளிதான்.

கடைசியாக ஸ்குரூடிரைவரின் நுனியை எஞ்சினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக் கேட்டார். வைத்தியர் குழாய் வைத்துக் கேட்பதைப் போன்றதே. பிஸ்டன் தளர்ந்திருந்தால் ஒரு சத்தம், கனெக்டிங் றொட்டின் கீழ்முனை தேய்ந்திருந்தால் வேறொரு சத்தம். முன்னது ரீபோர் செய்தால் தீரும். பின்னது கிராங்கையே பிரித்து, அழுத்தி, நேராக்கிச் சேர்க்க வேண்டிய பெரிய வேலை. "இது முன்னது. போர் இன்னும் ஸ்டாண்டர்டு. நாலு உசிர் மிச்சமிருக்கு" என்றார் நானா. சிலிண்டரைக் கால் மில்லிமீற்றர் கால் மில்லிமீற்றராகக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனை இடலாம், 0.25, 0.50, 0.75, 1.00. அதன் பின் சிலிண்டரையே மாற்ற வேண்டும். நாலு உசிர் என்று அவர் சொன்னது அதையே.

தரைத் தகட்டின் துருவையும், பத்திரங்களையும் நாம் பார்த்துக்கொண்டோம். பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் பொறித்த இலக்கமும் ஒன்றா என்று பார்ப்பதற்கு எழுத்தறிவு போதும். பேரம் பேசினோம். வண்டி வீடு வந்தது.

வாங்குவதோடு வேலை முடியவில்லை. டூ ஸ்ட்ரோக்கைப் பராமரிப்பதன் உயிர்நாடி ஒயிற் கலவையில் இருக்கிறது. எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபட்டாலும், பொதுவாக முப்பது முதல் ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் போதும். அதுவும் இதற்கென்றே செய்த ஒயில். சாரதிமார் பலர் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நம்புகிறார்கள். தாய் பிள்ளைக்குச் சோறு திணிப்பதைப் போன்ற பாசம். ஆனால் மிகுந்த ஒயில் கரியாகிப் புகை வாயிலையும் சைலன்சரையும் அடைக்கிறது. மேட்டில் வலிமை குன்றுகிறது. அதற்காக இன்னும் அக்ஸிலேட்டரை முறுக்குகிறார்கள். மலிவென்று கண்ட கண்ட ஒயிலை ஊற்றுவோர் வேறு. பங்களாதேசத்து டாக்காவிலும் இதே வழக்கம் இருந்ததை உலக வங்கியின் ஆய்வு ஒன்று எடுத்துக் காட்டியது. அங்கே டூ ஸ்ட்ரோக் பேபி டாக்சிகள் 2002ஆம் ஆண்டோடு வீதியிலிருந்து நீக்கப்பட்டன. நகரத்தின் காற்று தெளிந்தது. ஆனால் அவற்றை ஓட்டியவர்கள்? அந்தக் கேள்விக்குப் பின்னர் வருவோம். நம் மாணவர் தாயாரின் மருந்துப் போத்தலில் கோடு போட்டு அளவு வைத்திருக்கிறார். ஒரு லீற்றருக்கு ஒரு கோடு. மூன்று மாதத்துக்கொரு முறை சைலன்சரைக் கழற்றி நெருப்பிலிட்டுக் கரியைச் சுட்டெடுக்கிறார்.

சமவெளிக்காரர் அறியாத ஓர் அபாயம் மலையில் உண்டு. ஏற்றத்தில் எஞ்சின் கெடும் என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். நானா அஞ்சுவது இறக்கத்துக்கு. கலஹாவிலிருந்து இறங்கும்போது சாரதி அக்ஸிலேட்டரை மூடிவிடுகிறார். பெற்றோல் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆனால் சக்கரங்கள் எஞ்சினை வேகமாகச் சுற்றுகின்றன. பெற்றோலோடுதானே ஒயில் வரவேண்டும்? பெற்றோல் இல்லையேல் ஒயில் இல்லை. ஓய்வெடுப்பதாகத் தோன்றும் எஞ்சின் அந்நேரத்தில் வறண்டு தேய்கிறது. சுவீடன் தேசத்து சாப் கார்க் கம்பனி தன் டூ ஸ்ட்ரோக் கார்களில், இறக்கத்தில் எஞ்சின் சக்கரத்திலிருந்து விடுபட்டு மெதுவாகச் சுற்றும்படி ஒரு தனி ஏற்பாடே செய்திருந்தது. நம் ஆட்டோவில் அப்படி எதுவுமில்லை. ஆகவே சிலர் எஞ்சினைக் காக்கவும் பெற்றோலை மிச்சம் பிடிக்கவும் நியூட்ரலில் போட்டு உருட்டிவிடுகிறார்கள். இது கொலைக்குச் சமானம். முழுப் பாரமும் பிரேக் மீது விழுந்து, பிரேக் சூடேறி, வளைவில் அது பிடிக்காமற் போகும்போது உள்ளே நான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். நானா சொல்லும் வழி நடுத்தரமானது: ஏறிய கியரிலேயே இறங்கு, நூறு யார்டுக்கு ஒரு தடவை அக்ஸிலேட்டரைச் சற்றே திருகி எஞ்சினுக்கு ஒரு மிடறு கொடு, பாதி வழியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்து. நம் மாணவர் இதைத் தவறாமல் செய்கிறார். பயணிகள் சிலர் நேரம் போகிறது என்று முணுமுணுப்பதுண்டு.

உயரமும் எஞ்சினைத் தொடும். ஆயிரம் மீற்றர் ஏறினால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்களவு குறைகிறது. காபரேட்டர் அதை அறியாது. அதே பெற்றோலை விடுகிறது. கண்டிச் சந்தியில் சரியாக எரிந்த கலவை ஹந்தானை உச்சியில் கனத்துவிடுகிறது.

செல்வ நாடுகளில் இதே டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டு விளையாடுகிறார்கள். யமஹா கம்பனி 1987இல் வெளியிட்ட பான்ஷீ என்னும் நான்கு சக்கர வண்டி, 347 சி.சி., இரட்டைச் சிலிண்டர், மணல் மேடுகளில் பாய்வதற்கென்றே பிறந்தது. அமெரிக்காவில் 2006 வரை விற்பனையான அதற்கு இன்றும் பழைய சந்தையில் ஆள் உண்டு. அதை வாங்குவோரும் நானா கேட்ட அதே கேள்விகளையே கேட்கிறார்கள்: சீல் கசிகிறதா, அழுத்தம் எவ்வளவு, எத்தனை முறை கடைந்தது? எஞ்சினின் இயல்பு மணலிலும் மலையிலும் ஒன்றுதான். அங்கே பிஸ்டன் இறுகினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணாகும். வேறொரு செய்தியும் உண்டு. அதே விளையாட்டு வண்டிகளில் மூன்று சக்கரம் உள்ளவை கவிழ்ந்து, சிறுவர் பலர் மாண்டதால், 1988இல் அமெரிக்க அரசும் உற்பத்திக் கம்பனிகளும் செய்துகொண்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை அங்கே நின்றது. அந்த வண்டியின் அமைப்பு வேறு, ஆட்டோவின் அமைப்பு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அங்கே பிள்ளைகளின் உயிருக்காக ஓர் அரசு எழுந்து நின்றது என்பதை நம் வீதிகளைப் பார்க்கும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்த எஞ்சினுக்கு வேகத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று தேடிப் போனால் ஒரு விசித்திரமான இடத்துக்கு வந்து சேருகிறோம். கிழக்கு ஜெர்மனியின் சோபௌ என்ற சிற்றூரில், எம்.சட் என்னும் அரசுத் தொழிற்சாலையில், வால்டர் காடன் என்ற எஞ்சினியர் குறைந்த வசதிகளோடு உழைத்துக்கொண்டிருந்தார். புகைக்குழாயின் வயிற்றைப் பெருக்கி, முனையைக் குறுக்கி, அதனுள் எழும் ஒலியலையின் எதிரொலியையே, வெளியேறப் பார்க்கும் பெற்றோலைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளும் கையாக மாற்றினார். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் லீற்றருக்கு 200 குதிரைவலு என்ற எல்லையைத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில், அவருடைய பந்தய வீரர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பிச் சென்று, அந்த அறிவை ஜப்பானிய சுசுகிக் கம்பனிக்குக் கொண்டு போனார். மறு ஆண்டு 50 சி.சி. உலகப் பட்டம் சுசுகிக்குக் கிடைத்தது. பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதமே ஆன நேரம் அது. மனைவி மக்களைக் கார் டிக்கிக்குள் ஒளித்துக் கடத்த வேண்டியிருந்த மனிதரை நாம் எளிதாகக் குறை கூற மாட்டோம். ஆனால் பொதுச் சொத்தாகத் திரண்ட அறிவு தனிக் கம்பனியின் இலாபமாக மாறிய கணக்கையும் யாராவது எழுத வேண்டும். காடன் கடைசிவரை சோபௌவை விட்டுப் போகவில்லை. அதே நாட்டின் டிராபன்ட் என்ற சாமானியர் கார், டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு 1957 முதல் 1990 வரை ஏறக்குறைய மாற்றமின்றி வந்துகொண்டிருந்தது என்பது இன்னொரு பக்கம். சாமானியனுக்குக் கார் கொடுத்தது பெருமை. முப்பது ஆண்டு புகையை மாற்றாதது பெருமையன்று.

புகையைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. கண்டி கிண்ணம் போன்றது என்றோம். புகை அந்தக் கிண்ணத்திலேயே தங்குகிறது. மாலையில் குட்ஷெட் பஸ் நிலையத்தருகே அரை மணி நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டூ ஸ்ட்ரோக் இறக்குமதியை நிறுத்தியது சரியான காரியமே. 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனையும் சரியானதே. நம் மாணவரும் ஒவ்வோர் ஆண்டும் வருமான அனுமதிப்பத்திரத்துக்கு முன் அந்தப் பரிசோதனைக்குப் போகிறார். அளந்து ஊற்றும் ஒயில் அங்கே அவருக்குக் கைகொடுக்கிறது. நாம் கேட்பது வேறு. புகையை நிறுத்து என்று கட்டளையிடும் கை, மாற்று எஞ்சினுக்கு வழியையும் காட்ட வேண்டாமா? பிலிப்பைன்ஸ் தேசத்தில் விகான், புவேர்ட்டோ பிரின்செசா என்னும் ஊர்களில், பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெற்றோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் செலுத்தும் கருவியைப் பூட்டிப் புகையையும் செலவையும் ஒருங்கே குறைத்தார்கள்; சாரதிகள் சிறு கடனாக அதைப் பெற்றார்கள். டில்லியில் 1998இல் உயர்நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றமே தலையிட்டு ஆட்டோக்களை எரிவாயுவுக்கு மாற்றச் செய்தது. நம் நாட்டில் பழைய வண்டிக்காரன் தன் புகைக்குத் தானே பொறுப்பு, தன் பசிக்கும் தானே பொறுப்பு.

2022இல் இது வெட்டவெளிச்சமாயிற்று. ஜூன் மாத இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அதுவும் வரிசையில் இரவு பகலாகக் கிடந்தால். பின்னர் கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்றார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு. கேட்க நீதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு ஃபோர் ஸ்ட்ரோக் அந்த ஐந்து லீற்றரில் ஓடிய தூரத்தில் நம் மாணவரின் வண்டி மூன்றில் இரண்டு பங்குகூட ஓடவில்லை; மேலே மலை வேறு. பழைய எஞ்சின் உடையவன் ஏழை என்பதும், ஏழையின் ஐந்து லீற்றர் பணக்காரனின் ஐந்து லீற்றரைவிடச் சிறியது என்பதும் அப்பங்கீட்டில் கணக்கில் வரவில்லை. மண்ணெண்ணெய் அப்போது, கிடைத்தால், லீற்றர் 87 ரூபா. கலந்து ஊற்றும் ஆசை யாருக்குத்தான் வராது? ஊற்றியவர்களின் எஞ்சின்கள் இடித்து, கரி பிடித்து, இறுகி, நானாவின் பட்டறை வாசலில் வரிசையாக நின்றன. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாவுக்கு ஏறியதோடு அந்தச் சபலம் தானே அடங்கிற்று. நம் மாணவர் ஊற்றவில்லை. அந்த மாதங்களில் பள்ளிச் சவாரியையும் ஆஸ்பத்திரிச் சவாரியையும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் தாயாருடன் மரக்கறிப் பாத்தி கொத்தினார். வண்டி நிறுத்திக் கிடந்ததால் சிலிண்டரில் துருப் பிடிக்காதிருக்க, வாரத்துக்கொரு முறை ஸ்டார்ட்டர் பிடியை இழுத்து எஞ்சினைச் சுற்றி வைத்ததையும் கண்டோம்.

2023இல் முதல் ரீபோர் செய்தாயிற்று, 0.25. புதிய பிஸ்டன் படிய முதல் சில நூறு கிலோமீற்றர் ஆளேற்றாமல் மெதுவாக ஓட்ட வேண்டும் என்றார் நானா. ஆளேற்றாமல் இருந்தால் அடுப்பு எரியாது. முடிவில் ஒரே பயணியோடு, இறக்கப் பக்கத்துச் சவாரிகளை மட்டும் ஏற்பது என்று ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். உதிரிப்பாகங்கள் இப்போது அரிதாகி வருகின்றன. மாதிரிக்குச் செய்யப்பட்ட போலி ரிங்குகள் கடைகளில் நல்லவற்றின் உறையிலேயே கிடைக்கின்றன. விரலால் வளைத்து விட்டு அது திரும்பும் விதத்தைப் பார்த்தே நானா நல்லதைப் பிரிக்கிறார். 2025இல் வாகன இறக்குமதி மறுபடியும் திறந்துவிட்டது. ஆனால் புதிய வண்டியின் விலையைக் கேட்டுவிட்டு வந்தவர்கள் அதைப் பற்றி மேலே பேசுவதில்லை. மின்சார ஆட்டோ என்றொரு பேச்சும் உண்டு. மலைக்கு அதுவே நல்லதென்று நமக்கும் தோன்றுகிறது. இறக்கத்தில் அது வறண்டு தேயாது, பட்டரிக்குக் கொஞ்சம் திருப்பியும் கொடுக்கும். பட்டரியின் விலையை எந்தச் சேமலாப நிதி கொடுக்கும் என்பதுதான் தெரியவேண்டும்.

நானாவுக்கு எழுபது வயதாகிறது. அவர் பிள்ளைகள் வெளிநாட்டில். காதில் ஸ்குரூடிரைவரை வைத்து அவர் கேட்கும் சத்தங்கள் எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. சென்ற ஆண்டிலிருந்து, சாதாரண தரத்தில் கணிதம் தவறிய நம் பிள்ளைகள் ஆறு பேரை ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் அவர் பட்டறைக்கு அழைத்துச் செல்கிறோம். வகுப்பில் தசமத்தைக் கண்டால் மிரளும் பையன் அங்கே 0.25ஐயும் 0.50ஐயும் மைக்ரோமீற்றரில் பிழையின்றிப் படிக்கிறான். அவர்களில் ஒருத்தி பெண். தோட்டத்தில் அதற்குச் சிறு சலசலப்பு எழுந்து அடங்கியது. வருகிற சனிக்கிழமை நம் மாணவரின் வண்டியைப் பட்டறையில் விடுகிறார். கிளச் பக்கத்துச் சீல் கசியத் தொடங்கியிருக்கிறது. கியர் ஒயிலின் காறல் மணத்தை இம்முறை முதலில் கண்டுபிடித்தவள் அந்தப் பெண்ணே. அவளைக் கொண்டே அதைத் திறப்பிக்கப் போவதாக நானா சொல்லியிருக்கிறார்.